பிட்டுப் பானை சொன்ன கணக்கு

கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸின் இரு பக்கமும் கடல்தான். 2009 ஒக்டோபரில் இப்பாலம் திறக்கப்படும்வரை 'பாதை'யில் ஏறித்தான் அக்கரை போவோம். கடந்த மாசியில் எமது மூதூர்க் குழுவைச் சேர்ந்த நால்வர் இப்பாலத்தால் திருகோணமலைக்கு வந்து, இரவுப் புகையிரதத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து மாத்தறைக்குப் போனோம்.

எமது குழுவில் 11 பேர். அநேகமானோர் யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள். 2006 இல் இடம்பெயர்ந்து, வெறுங்கையுடன் ஊர் திரும்பியவர்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாசனை எண்ணெய் வடிக்கும் கொதிகலன் ஒன்றை வாங்குமாறு ஒருவர் ஆசை காட்டினார். பணத்தைக் கொடுக்கமுன் தொழிலைக் கண்ணால் பார்ப்போம் என்றோம்.

மாத்தறைப் பக்கம் கறுவா விளையும் பூமி. பட்டையை உரித்தபின் மிஞ்சும் இலையைக் காயவைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். எங்களை "நங்கி" என்று அழைத்த ஓர் அம்மா தனது கொதிகலனைக் காட்டினார். பார்த்தவுடன் எனக்குப் பிட்டுப் பானைதான் நினைவுக்கு வந்தது. கீழே தண்ணீர் கொதிக்க, நீராவி இலைக்குள்ளால் ஏறி எண்ணெயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் குழாயில் அது மறுபடியும் நீராகிச் சொட்டுகிறது. அநேக வாசனை எண்ணெய்கள் நீரில் மிதக்கும். கறுவா இலை எண்ணெயோ அடியில் தங்குகிறது. முகர்ந்தால் கராம்பு வாசம்.

"100 கிலோ இலைக்கு எவ்வளவு எண்ணெய் வரும்?" என்று கேட்டோம். ஒரு கிலோ அளவில் வரும் என்றார். அதற்குப் பல மணி நேரம் அடுப்பு எரியவேண்டும். தொட்டித் தண்ணீர் சுடச்சுட மாற்றவேண்டும். கலன் வற்றவோ குழாய் அடைபடவோ விடக்கூடாது என்றும், எண்ணெய் நேரே தோலில் பட்டால் எரியும் என்றும் எச்சரித்தார்.

திரும்பி வரும் வழியில் கணக்குப் பார்த்தோம். கறுவாவுக்கு நல்ல மழை வேண்டும். எங்கள் பக்கம் வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை கிணறே வற்றிப்போகும். அம்பாந்தோட்டையின் வரண்ட மண்ணில் வளரும் 'பங்கிரி' எனும் சிற்றனெல்லாப் புல் எங்களுக்கும் சரிவரலாம். நுளம்பை விரட்டும் எண்ணெய் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் புல்லை நட்டு முதல் வெட்டுக்கு அரை வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஆகவே கொதிகலன் வாங்கவில்லை. மூன்று வீட்டு வளவுகளில் புல் நட்டிருக்கிறோம். புல் எவ்வளவு வருகிறது, தண்ணீர் போதுமா, எண்ணெயை யார் வாங்குவார் என்று அறிந்தபின்பே அடுத்த அடி.

சகோதரிகளே, உங்களிடமும் யாராவது இயந்திரம் விற்க வரக்கூடும். இலை, விறகு, தண்ணீர், வாங்குபவர் ஆகிய நான்கையும் முதலில் கேளுங்கள். பணம் அதுவரை உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.