தூண்டிலுக்கு ஒரு ரசீது

தூண்டில் போட என்னென்ன வேண்டும்? எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பட்டியல் ரொம்பச் சின்னது. ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நரம்பு, முள், தக்கை, கொட்டாங்கச்சியில் நாலு மண்புழு. அப்புறம் பொறுமை. வீட்டுக்குப் போனதும் திட்டு வாங்கிக்கொள்ளும் தெம்பும் இருந்தால் நல்லது. அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தவன் என் அக்கா மகன். அமெரிக்காவில், சியாட்டிலில் பிறந்து வளர்ந்தவன். பதினாறு வயது. கோடை விடுமுறைக்கு வந்தவன், பெட்டியிலிருந்து மடக்குத் தூண்டில் ஒன்றை எடுத்து ஒவ்வொரு துண்டாக மாட்டிக்கொண்டே கேட்டான். “மாமா, லைசென்ஸ் எங்க வாங்கணும்? ஆன்லைன்லயா?”

அக்கா சிரித்தாள். “ஏன்டா, குளத்துல மீன் பிடிக்க லைசென்ஸா? மாடு மேய்க்கவும் லைசென்ஸ் கேப்பே போல இருக்கே!”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஊரில் பதினைந்து வயது ஆகிவிட்டால் உரிமம் இல்லாமல் தூண்டில் போட முடியாது. நன்னீருக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. எந்த மீனை எப்போது பிடிக்கலாம், எத்தனை பிடிக்கலாம், எந்த அளவுக்குச் சின்னதை விட்டுவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. இங்கிலாந்தில் பதின்மூன்று வயதிலேயே உரிமம் வேண்டும். அதுமட்டும் போதாது, குளத்துக்கு உரிமையாளர் இருந்தால் அவர் அனுமதியும் தனியாக வேண்டும்.

எனக்கு காமர்ஸ் படித்த புத்தி. ‘சரி, வசூலாகிற காசு எங்கே போகிறது?’ என்று தேடினேன். அமெரிக்காவில் 1950-ல் டிங்கெல்-ஜான்சன் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி பெரும்பாலான தூண்டில் சாமான்களுக்கு 10 சதவிகிதம் வரி. அந்தப் பணம் மாநிலங்களுக்குத் திரும்புகிறது. 60 சதவிகிதத்தைப் பிரிப்பது, எந்த மாநிலத்தில் எத்தனை பேர் மீன்பிடி உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்து. அந்தப் பங்கு வேண்டுமென்றால் மாநிலம் உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. மீனிடமிருந்து வந்தது மீனுக்கே போக வேண்டும். ரோடு போட, கட்டடம் கட்ட என்று கையை நீட்ட முடியாது!

நம் ஊருக்கு வருவோம். அரசியல் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-வது இனம். மத்திய அளவில் இருக்கும் பழைய சட்டம் 1897-ம் வருடத்து இந்திய மீன்வளச் சட்டம். மொத்தம் ஏழே பிரிவுகள். வெடி வைத்து மீன் பிடிக்காதே, தண்ணீரில் விஷம் கலக்காதே என்பதுதான் அதன் சாரம். மூலச் சட்டத்தில் தண்டனை இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு உரிமம் என்ற பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது நீலகிரியில்தான். துரைமார்கள் டிரவுட் மீன் பிடித்த இடம். 1879-லேயே அங்கு வேட்டைக்கும் மீனுக்கும் சேர்த்துத் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். கல்லணைப் பக்கம் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் வந்து உரிமம் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்படியானால் டெல்டாவில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தூண்டில் போடலாமா? அதுதான் கிடையாது. இங்கே கேள்வியே வேறு. ‘உரிமம் இருக்கா?’ என்று கேட்க மாட்டார்கள். ‘யார் குளம் தெரியுமா?’ என்பார்கள். ஊராட்சிக் குளம் என்றால் மீன்பாசி குத்தகை ஏலம் போயிருக்கும். கோயில் குளம் என்றால் கோயிலைக் கேட்க வேண்டும்.

மருமகனை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் குளத்தைக் குத்தகை எடுத்தவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பையனையும் தூண்டிலையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“லைசென்ஸா? இந்தக் குளத்துக்கு நான்தான் தம்பி லைசென்ஸ். ஏலத்துல எடுத்து, குஞ்சு வாங்கி விட்டு, தவிடு புண்ணாக்கு போட்டு, நீர்க்காக்கா வராம காவல் இருக்கேன். நீங்க பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறது எனக்குக் கைக்காசு.”

நியாயம்தானே! திரும்பலாம் என்று நினைத்தபோது அவரே சொன்னார். “புள்ள ஆசையா வந்திருக்கு. கெழக்குக் கரையில போடட்டும். கெளுத்தி, ஜிலேபி சிக்கினா எடுத்துக்கட்டும். கட்லா, ரோகு நான் விட்டது, அதைத் திருப்பித் தண்ணில விட்டுடணும். விரால் குஞ்சுக் கூட்டத்தோட சுத்துச்சுன்னா அது பக்கமே போகக் கூடாது.”

மருமகன் என் காதில் சொன்னான். “மாமா, இதுதான் மாமா லைசென்ஸ். எங்க ஊர்ல இதையே எழுதிக் குடுப்பாங்க.”

அந்த விரால் விஷயம் சும்மா இல்லை. செக்கச்செவேல் என்று நூற்றுக்கணக்கில் மொய்க்கும் குஞ்சுகளுக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் கிட்டே வருகிற எதன் மேலும் பாயும். தூண்டில்காரனுக்கு அதைவிடச் சுலபமான வேட்டை கிடையாது. ஆனால் ஒரு மீனைத் தூக்கினால் காவல் இல்லாத அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரை. ஒரு வேளைக் குழம்புக்கு அடுத்த வருடத்து விரால் மொத்தமும் காலி.

குளத்துக்காவது குத்தகைக்காரர் இருக்கிறார். ஆற்றுக்கு? மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடிய பிறகு வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் அங்கங்கே பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். தப்பிப் பிழைத்த மீன்களெல்லாம் அதில்தான் கிடக்கும். அங்கே எத்தனை பேர் இறங்குகிறார்கள், என்ன பிடித்தார்கள், போன வருடத்தைவிடக் கூடவா குறைவா? எந்த நோட்டிலும் எழுதுவாரில்லை.

எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதே காவிரியில் ஓர் உதாரணம் உண்டு. கர்நாடகத்தில், காவிரி காட்டுக்குள் ஓடும் பகுதியில், மஹ்சீர் மீனுக்காகத் தூண்டில் முகாம்கள் நடந்தன. கட்டணம் கட்டி வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு, திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார்கள். சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வேட்டையே என்று 2010-களின் தொடக்கத்தில் முகாம்களை மூடிவிட்டார்கள். பிறகு 1998 முதல் 2012 வரையிலான நோட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். காவிரியைத் தவிர உலகில் வேறெங்குமே இல்லாத திமில் மஹ்சீர் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்ததும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மஹ்சீர் பெருகியதும் அந்தக் கணக்கில்தான் தெரிந்தது. 2018-ல் திமில் மஹ்சீர், அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட்டவர்கள் எழுதிய வரவுக் கணக்குதான் ஆற்றுக்குச் சாட்சி சொன்னது.

என்னைக் கேட்டால், உரிமம் என்பதன் பொருள் இதுதான். அது வெறும் அனுமதிச் சீட்டு இல்லை. பேரேட்டில் ஒரு பக்கம். பணம் கட்டியவன் கணக்குக் கேட்பான். ‘நான் கட்டினேனே, ஆற்றில் ஏன் சாக்கடை கலக்கிறது?’ என்று கேட்க ஆள் இருப்பான்.

அதற்காக, வாய்க்கால் மதகில் மண்புழுவோடு உட்கார்ந்திருக்கும் டவுசர் பையனிடம் ரசீது புத்தகத்தை நீட்டச் சொல்லவில்லை. அவன் பிடிப்பது அன்றைக்கு வீட்டுக்குக் குழம்பு. அவனிடம் காசு கேட்பது பாவம். ஆனால் கார் எடுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய தூண்டிலோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் கேட்கலாம். வாங்கிய காசை அந்த ஆற்றுக்கே செலவழிக்க வேண்டும், பிடித்ததை எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத உரிமம் இன்னொரு வரி. அவ்வளவுதான்.

அது வருகிறபோது வரட்டும். அதுவரை டெல்டாவில் தூண்டில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் முதலில் டீக்கடையில் விசாரியுங்கள், குளம் யார் குத்தகை என்று. கோயில் குளத்தில் கேட்காமல் முள்ளைப் போடாதீர்கள். குஞ்சோடு இருக்கும் விராலைத் தொடாதீர்கள். சின்னதைத் திருப்பி விட்டுவிடுங்கள். பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு தேதி, இடம், மீன், எடை என்று எழுதுங்கள். பத்து வருடம் கழித்து, இந்த ஆற்றில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு கணக்காவது இருக்கட்டும்.