ஆட்டு ஈரலும் சாயப்பட்டறைக் கேனும்

உயிர்வேதியியல் கற்பிக்கும் தோழி, "எப்போதும் பனியனைப் பற்றியே எழுதுகிறாயே, ஒருநாள் எங்கள் லேபுக்கு வா" என்றாள். போனேன். திருப்பூர்க் கல்லூரி ஒன்றின் இரண்டாமாண்டு செய்முறை வகுப்பு. மேசைமேல் காலையில் கறிக்கடையில் வாங்கிய கால் கிலோ ஆட்டு ஈரல். அதிலிருந்து கேட்டலேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுக்க வேண்டும்.

ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்த ஆய்வக உதவியாளரிடம் பேச்சுக் கொடுத்ததும் பாடத்தை மறந்துபோனேன். ஐம்பதைத் தாண்டியவர். சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டியிருக்கிறார். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போயிற்று.

"இந்த என்சைமைக் கேன் கேனா ஊத்தியிருக்கேனுங்க. பெராக்சைடு கில்லர்ம்பாங்க. உள்ள என்னன்னு யாரும் சொன்னதில்லீங்க."

உள்ளே இருந்ததும் கேட்டலேஸ்தான். ஆலைக்கென நுண்ணுயிரிகளில் வளர்த்தெடுத்தது. துணியை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போடுகிறார்கள். அது மிச்சமிருந்தால் அடுத்து ஏற்றும் சாயம் சிதைந்து ஷேடு கெட்டுவிடும். முன்பு வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசினார்கள். கேட்டலேஸ் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடுவதால் அத்தனை அலசலும் மிச்சம்.

அரைத்த ஈரலை மாணவிகள் பனியன் துணியில் வடித்தார்கள். வடிநீரில் அம்மோனியம் சல்ஃபேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ, பீக்கரை ஐஸில் பிடித்திருந்தார் அவர். "வேகமாக் கலக்காதே கண்ணு, நுரைச்சா என்சைம் கெட்டுரும்." உப்பு தண்ணீரை வளைத்துக்கொள்ள, கரைந்திருக்க வழியில்லாத புரதம் படிந்தது. உப்பை நீக்க டயாலிசிஸ் பையில் கட்டி ஓர் இரவு குளிரில் வைத்தார்கள். அதற்குப் பின் நடந்த சுத்திகரிப்பு எனக்குப் புரியவில்லை, தாண்டுகிறேன்.

இந்த வேலைக்கு ஒரு முன்கதை உண்டு. வாளவரையின் இனத்தைச் சேர்ந்த அவரை ஒன்றின் விதையிலிருந்து 1926-இல் யூரியேஸைப் படிகமாக்கி, நொதியும் புரதம்தான் என்று காட்டியவர் ஜேம்ஸ் சம்னர். பலர் நம்பவில்லை. 1937-இல் டவுன்ஸ் என்பவருடன் சேர்ந்து மாட்டு ஈரலிலிருந்து கேட்டலேஸையும் படிகமாக்கினார். நோபல் பரிசு 1946-இல்தான் வந்தது.

மறுநாள் அட்டவணை போட்டார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பெராக்சைடை உடைத்தால் அது ஒரு யூனிட். ஒவ்வொரு படியிலும் மொத்த யூனிட் குறைகிறது. ஒரு மில்லிகிராம் புரதத்துக்கான யூனிட் கூடுகிறது. ஒருத்திக்கு மட்டும் தொடக்கத்தில் இருந்த மொத்த யூனிட்டில் 130 சதவீதம் மிஞ்சியிருந்தது. "ஈரலில் இல்லாததையும் எடுத்துவிட்டாயே, மறுபடி அள" என்றாள் தோழி.

எனக்குக் கேன்தான் நினைவுக்கு வந்தது. பட்டறை வாங்குவது கிலோ கணக்கில். நடுவில் கைமாற்றுபவன் தண்ணீர் ஊற்றினால் எடை குறையாது, வேலைதான் குறையும். ஷேடு கெட்டால் திட்டு வாங்குபவன் மெஷின் ஓட்டுபவன். யூனிட் கேட்கத் தெரிந்த ஒருவர் பட்டறையில் இருந்தால் போதும், இந்தப் பிழைப்பு படுத்துவிடும்.

உதவியாளரும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். "ஏங்கண்ணு, பட்டறையில இருந்து ஒரு கேன் கொண்டாந்தா அளந்து சொல்லுவியா?"

"ரெண்டு கொண்டாங்கண்ணா," என்றாள் 130 சதவீதக்காரி. "ஒப்பிட்டாத்தானே தெரியும்."