நாகம்மாள் கேட்ட பங்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் நீட்டினால், அவர் தேடும் முக்கியமான விஷயங்களில் ஒன்று பெண்களின் கையெழுத்து. பெரியவருக்கு எத்தனை மகள்கள், எல்லோரும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்களா என்று குடைந்து கேட்பார். பத்திரத்தில் நஞ்சை என்று இருக்கும் சர்வே எண்ணில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அங்கே ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில் அந்த மகள்களை யாரும் இவ்வளவு அக்கறையாகத் தேடியதில்லை.

நிலத்தில் பங்கு கேட்ட பெண் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வர வேண்டியவள் நாகம்மாள். ஆர். சண்முகசுந்தரம் அந்த நாவலை வெளியிட்டது 1942-ல். கதை கொங்கு நாட்டுக் கிராமத்தில் நடக்கிறது. கணவனை இழந்த நாகம்மாள், சின்ன மகளோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். சின்னப்பன் நல்ல பாட்டாளி. பண்ணையம் அவன் கையில். ஒருநாள் அவள் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். ஊரில் சிலர் தூபம் போடுகிறார்கள். அவளோடு நெருங்கிப் பழகும் கெட்டியப்பன் துணை நிற்கிறான். சின்னப்பன் கொலையுண்டு போவதில் கதை முடிகிறது.

அடங்காத பெண், குடும்பத்தைக் குலைத்தவள் என்று அவளை வாசித்தவர்கள் உண்டு. அவள் காலத்துச் சட்டத்தைப் புரட்டினால் அந்த வாசிப்பு நிற்காது. இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937-ல் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவனுக்கு இருந்த பங்கை, ஆயுள் வரைக்குமாவது, விதவைக்குக் கொடுத்தது; பாகம் பிரித்துக் கேட்கவும் வழிசெய்தது. ஆனால் விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால் இந்தச் சட்டம் அதற்குச் செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. வீடு இருந்தால் பங்கு. காடு இருந்தால் இல்லை. கிராமத்துப் பெண்ணுக்கு வேறு என்ன சொத்து இருந்தது? மறு வருடம் நாவல் வருகிறது. சென்னை மாகாணம் அந்த உரிமையை விவசாய நிலத்துக்கும் நீட்டியது 1947-ல். சட்டம் வர ஐந்து வருடம் இருக்கும்போதே நாகம்மாள் கேட்டுவிட்டாள்.

அதன்பின் மகள்களின் முறை. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தும் மூதாதையர் சொத்தில் மகள்கள் மகனுக்கு நிகராகவில்லை. மணமாகாத மகள்களுக்கு அந்த நிகர் உரிமையைத் தமிழ்நாடு 1989-ல் கொடுத்தது. மணமான மகள்களுக்கும் அது கிடைக்க 2005 ஆனது. அதற்குள் சென்னையின் மேற்குப் புறநகர் வயல்களில் பெரும்பங்கு கைமாறியிருந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். பிறகு கொரட்டூர், முகப்பேர் என்று வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் வந்தன. பங்கு கேட்கும் உரிமை வந்தபோது உழுவதற்கு நிலம் இல்லை.

இப்படி ஒரு இழப்பை எழுதியவரும் ஒரு கொங்கு நாட்டுக்காரர். பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்' 1991-ல் வந்தது. காலனி கட்ட நிலம் பறிபோன விவசாயக் குடும்பம் எப்படிச் சிதறுகிறது என்பதை அந்த வீட்டுப் பையனின் கண்வழியே அது சொல்கிறது. சண்முகசுந்தரம் 1917-ல் பிறந்தவர், பெருமாள்முருகன் 1966-ல். 'நாகம்மாள்' வந்தபோது அவருக்கும், 'ஏறுவெயில்' வந்தபோது இவருக்கும் வயது இருபத்தைந்தை ஒட்டித்தான். சண்முகசுந்தரத்தின் எழுத்தை ஆராய்ந்து நூல் எழுதியவரும் இதே பெருமாள்முருகன்தான். ஒரு நாவலில் நிலத்தைப் பிரிக்கச் சொல்கிறாள் ஒருத்தி. மற்றதில் பிரிப்பதற்கு மிஞ்சுவது நட்ட ஈட்டுப் பணம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் மனை வாங்கிக் குடியேறியவர்கள் இந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். நாகம்மாளை முதலில் படியுங்கள். சின்னப்பனுக்காக வருந்துங்கள், ஆனால் அவள் கேட்டது நியாயமான பங்கு என்பதை மறக்காதீர்கள்.