உண்மைகளால் செய்த களவு

என் அக்கா மகள் இறையியல் படிக்க ஆசைப்பட்டாள். படிக்கவிடாமல் செய்தவன் நான். அவளை மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. பொய்யான தகவல் ஒன்றுகூடச் சொல்லவில்லை. நான் சொன்னதெல்லாம் உண்மை. எந்த உண்மையைச் சொன்னேன், எதை விழுங்கினேன் என்பதில்தான் வஞ்சகம் இருந்தது.

குருவானவரிடம் முழந்தாளிட்டு இதைச் சொல்லியாயிற்று. மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் களவு செய்தவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவன் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. நான் எடுத்தது ஒரு பெண்ணின் படிப்பை. அதை அப்படியே எடுத்துக் கொடுக்க முடியாது. அவளிடம் மறைத்ததையாவது எல்லாரும் அறிய எழுதிவைக்கிறேன். தாராபுரம் பக்கம் இதே ஆசையோடு இன்னொரு பிள்ளை இருந்தால், என்னைப் போன்ற ஒரு மாமன் சொல்வதை மட்டும் கேட்டு அது நின்றுவிடக் கூடாது.

எங்கள் கொங்குப் பக்கத்தில் தாய்மாமன் சொல்லுக்கு இருக்கும் எடை ஊரறிந்தது. அதோடு நான் கோயில் காரியம் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன். சிறுவயதில் இளங்குருமடத்தில் இருந்து பாதியில் வெளியே வந்தவன். பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுத்தேன், அன்பியக் கூட்டம் நடத்தினேன். கணிதத்தில் பி.எஸ்சி. முடித்தவள் ‘இறையியல் படிக்கிறேன்’ என்றதும் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ‘மாமனைக் கேட்டுட்டு வா’ என்று அனுப்பிவிட்டாள்.

வரும்போதே பல கல்லூரிகளின் விவரங்களை அச்செடுத்துக் கொண்டு வந்தாள். புனேயின் ஞான தீபா, பெங்களூரின் தர்மாராம், பெல்ஜியத்தின் லூவன். ‘எங்கீங்க மாமா சேர்றது?’ என்றுதான் கேட்டாள். சேரலாமா என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை மற்றொரு கேள்வியாகத் திருப்பிவிட்டதுதான் என் முதல் வேலை.

முதலில் வருடக் கணக்கைப் போட்டேன். திருப்பீடத்தின் விதிப்படி இறையியலுக்கு மூன்று படிகள். இரண்டு ஆண்டு மெய்யியலும் மூன்று ஆண்டு இறையியலும் முடித்தால் முதல் பட்டம். அதன்மேல் இரண்டு ஆண்டு லிசென்சியேட், அப்புறம் முனைவர். குருமடத்தில் பாடம் சொல்ல வேண்டுமென்றால் லிசென்சியேட்டாவது வேண்டும். ‘வெளிய வர்றப்ப முப்பதை நெருங்கிருவே, அம்மிணி’ என்றேன். கணக்கு சரி. ஆனால் வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்கள் நேரே சேரக்கூடிய முதுகலைப் படிப்புகளும் உண்டு. திருச்சபைப் பட்டம் ஒரு வழி, பல்கலைக்கழகப் பட்டம் ஒரு வழி. லூவனில் ஒரே இறையியல் புலம் இரண்டையும் தருகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அடுத்து அரசு அங்கீகாரம். திருப்பீடம் தரும் பட்டத்தை நம் அரசு பொதுவாகத் தன் பட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை, எந்த அரசுக் கல்லூரியிலும் அதை வைத்து வேலை கேட்க முடியாது என்றேன். அதுவும் உண்மை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயலுக்கு ஒரு துறையே இருப்பதை, ஃபெலிக்ஸ் வில்ஃப்ரெட் போன்ற உலகறிந்த இறையியலாளர் அங்கே பேராசிரியராக இருந்ததை, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் பாடங்களில் சமயங்களின் ஒப்பாய்வும் ஒன்று என்பதைச் சொல்லவில்லை. அவள் கணக்குப் படித்த பிள்ளை. விவரம் முழுவதும் கிடைத்திருந்தால் எனக்கு முன்பாகவே விடையைக் கண்டுபிடித்திருப்பாள்.

வெளிநாடு போனால் மொழியும் மண்ணும் விட்டுப்போகும் என்றேன். அவ்வளவு தூரம் படிக்கப் போய்விட்டு இங்கே வந்து இந்த மக்களோடு எப்படிப் பேசுவாய் என்று கேட்டேன். அந்தச் சமயத்தில் என் அலமாரியில் தனிநாயகம் அடிகளைப் பற்றிய புத்தகம் இருந்தது. 1913இல் யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்து, உரோமையின் உர்பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் முனைவரானவர் அவர். எழுதிய ஆய்வு கார்த்தேஜ் நகரத்துப் பழைய குருக்களைப் பற்றியது. திரும்பி நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக்கு வந்தபோது தமிழில் தனக்குள்ள குறையை உணர்ந்து பண்டிதரிடம் உட்கார்ந்து படித்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு முன்னின்றவரும் அவரே. உரோமைக்குப் போனவர் தமிழுக்கு இவ்வளவு செய்தார் என்று பலமுறை மேடையில் பேசியிருக்கிறேன். அவள் எதிரில் இருந்தபோது அந்தப் பெயர் என் நாக்கில் வரவில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்கு வெட்கமான ஒன்று இருக்கிறது. குழந்தை இயேசுவின் தெரசம்மாளை அவளுக்கு எதிராக நான் பயன்படுத்தினேன். 15 வயதில் மடத்துக்குப் போய் 24 வயதில் காசநோயில் இறந்த பெண். எந்தப் பல்கலைக்கழகத்தையும் பார்த்ததில்லை. 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர், என்று அறிவித்தது. ‘பாத்தியா, படிக்காமலே எவ்வளவு பெரிய இடம்! செபம் போதும் கண்ணு’ என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ரொம்பப் பிடித்த புனிதை அவர். அதை அறிந்தேதான் சொன்னேன். தான் குருவாக இருந்திருந்தால் விவிலியத்தை மூல மொழிகளிலேயே வாசிக்க எபிரேயமும் கிரேக்கமும் கற்றிருப்பேன் என்று அந்தப் புனிதை தம் கடைசிக் காலத்தில் சொன்னதும் எனக்குத் தெரியும். படிப்புக்காக ஏங்கிய ஒரு பெண்ணைக் காட்டி, படிப்பு வேண்டாம் என்று இன்னொரு பெண்ணிடம் சொன்னேன். குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர் பலர் இறையியல் கல்வி பெற வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே விருப்பம் தெரிவித்ததை மறைக்கல்வி வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவள் உட்கார்ந்திருந்த வகுப்பிலேயே.

ஏன் செய்தேன்? கல்யாணம் தட்டிப்போகும், மடத்துக்குப் போகப்போகிறாள் என்று ஊர் பேசும் என்று அக்காவிடம் சொன்னேன். அந்தக் கவலை எனக்கு இருந்தது. ஆனால் அது மேலே கிடந்த கவலை. அடியில் கிடந்தது வேறு.

அவள் இறையியல் படிக்க ஆசைப்பட்டதே ஒரு கேள்வியால். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்து நிற்கும் சுவரைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்திருக்கிறாள். ‘கடைசி நாள்ல எல்லாரும் உசுரோட எந்திரிப்போம்னு ஞாயித்துக்கிழமை தவறாமச் சொல்றமுங்க மாமா, அப்புறம் எந்திரிக்கப்போற உடம்புக்கு நடுவுல எதுக்குங்க செவுரு?’ என்று ஒருநாள் கேட்டாள். மறைக்கல்விப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. நாங்கள் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கத்து ஆட்கள் என்று எனக்குத் தெரியும். இறையியல் படித்துவிட்டு வந்தால் இந்தக் கேள்வியை என்னிடம் மட்டும் கேட்க மாட்டாள், என் சொந்தங்களின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்பாள். அதற்குப் பயந்தேன்.

இந்தக் கேள்வி எங்கள் மண்ணுக்குப் புதிதும் அல்ல. கோவையின் முதல் ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். அதற்கு முன் புதுச்சேரிக் குருமடத்தின் தலைவராக இருந்தார். இந்த மண்ணின் பிள்ளைகள் படித்துக் குருக்களாகித் தங்கள் திருச்சபையைத் தாங்களே நடத்த வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. அந்த ஆசைக்குச் சக மறைப்பணியாளர்களிடமிருந்தே எதிர்ப்பு. சாதி வழக்கங்களைத் திருச்சபை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்ற மலபார் சடங்குமுறைச் சர்ச்சையும் அவர் மனசாட்சியை அரித்தது. 1855இல் பதவியை விட்டு விலகினார். ஆப்பிரிக்காவுக்கு என்று ஒரு மறைப்பணிச் சபையைத் தொடங்கி, அங்கே போய் 1859இல் ஃப்ரீடவுனில் இறந்தார். பங்கு விழாவில் அவரைப் பற்றி நான் உருகிப் பேசியிருக்கிறேன். மண்ணின் பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்றவரை மேடையில் புகழ்ந்துவிட்டு, வீட்டில் அந்தப் பிள்ளையின் படிப்பை நிறுத்தினேன்.

பொறாமையும் இருந்தது. குருமடத்தை விட்டு வந்தபோது எனக்கு மூடிய கதவு அவளுக்குத் திறந்திருந்தது. அங்கி போடாமலே, யாரிடமும் அழைத்தல் என்று சொல்லிக்கொள்ளாமலே, புத்தகப் பையோடு அவள் உள்ளே போகலாம். நான் இருபது வயதில் ஏங்கிய வகுப்பறையில் என் அக்கா மகள் உட்காருவாள், விடுமுறைக்கு வரும்போது என்னைத் திருத்துவாள். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் அன்று செய்ததையே மறுபடி செய்தவனாவேன்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனி ஆபீசில் வேலைக்குப் போனாள். கல்யாணம் நடந்தது. இப்போது கைக்குழந்தை இருக்கிறது.

அன்று அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துத் தொடங்காதே. லூவன் 1425இல் தொடங்கியது, பழம்பெருமை உண்டு, நூலகம் உண்டு. அந்தப் பெருமை உன் கேள்விக்கு உதவுமா என்று பார். உன் கேள்வி கல்லறைச் சுவர். அதை யார் தொட்டு எழுதியிருக்கிறார்கள் என்று தேடு. பெங்களூரில் 1980களின் தொடக்கத்தில் அரவிந்த் நிர்மல் துவக்கிவைத்த தலித் இறையியலைப் படி. சென்னையில் இயேசு சபையாரின் அருள் கடல் தமிழகச் சூழலிலிருந்தே இறையியல் செய்கிறது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969 முதல் இருக்கிறது. அது சீர்திருத்த சபைகளின் கல்லூரிதான், ஆனாலும் போய்ப் பேசிப் பார். கத்தோலிக்க நிறுவனம் என்றால் கையில் வரும் பட்டம் திருச்சபையுடையதா, பல்கலைக்கழகத்துடையதா என்று விண்ணப்பம் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கு. நீ குருமடத்தில் பாடம் சொல்ல விரும்பினால் முதலாவது, அரசுக் கல்லூரியை நினைத்தால் இரண்டாவது. வகுப்பில் குருமாணவர் அல்லாதவர் எத்தனை பேர், ஆசிரியர்களில் பெண்கள் உண்டா, தங்க இடம் உண்டா என்று விசாரி. அங்கே படித்து முடித்த பொதுநிலைப் பெண் ஒருத்தியையாவது கண்டுபிடித்துப் போனில் பேசு. பணத்துக்கு நான் இருக்கிறேன்.

இத்தனையும் சொல்ல அரை மணி நேரம் பிடித்திருக்காது.

போன தவக்காலத்தில் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பொறாமை உட்பட. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். ‘எம்.ஏ. இருக்கறது அப்பறம் தெரிஞ்சுதுங்க மாமா. உங்களுக்கும் தெரிஞ்சுதான் இருந்துருக்கும்னு நெனச்சேன். ஏன் சொல்லலைன்னுதான் புரியல’ என்றாள். இத்தனை வருடம் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம்கூட. இனிமேல் படித்தால் கட்டணம் முழுக்க என்னுடையது, குழந்தையை அக்காவும் என் மனைவியும் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். மாப்பிள்ளையிடமும் பேசினேன், அவருக்கு மறுப்பில்லை. அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ‘நானே விசாரிச்சுக்கறனுங்க மாமா. நீங்க எதுவும் விசாரிக்க வேண்டாமுங்க’ என்றாள். நான் விசாரிக்கவில்லை.