விட வேண்டிய மீன்

அந்தமானின் அலையாத்திக் காடுகளுக்குள் புகுந்து செல்லும் உப்பங்கழிகளில் தூண்டில்காரர்கள் தேடுவது கொடுவா மீனைத்தான். கடல் வற்றும் நேரம்தான் தோது. நீர் வடிய வடிய, வேர்களுக்கிடையே ஒளிந்திருந்த இறாலும் பொடிமீனும் வெளியே வரும். கொடுவா அங்கே காத்திருக்கும். துடுப்புப் படகில் சத்தமின்றி நெருங்கலாம். ஆனால் கையைத் தண்ணீரில் அளையக்கூடாது; இதே கழிகளில்தான் உவர்நீர் முதலைகளும் வாழ்கின்றன.

கொடுவாவின் வாழ்க்கை விசித்திரமானது. பெரும்பாலும் ஆணாகவே வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே தூண்டிலில் சிக்கும் மிகப் பெரிய மீன் அநேகமாகத் தாய்மீன், லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், ஆற்றிலும் கடலிலும் 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவை மட்டுமல்ல, 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்.

"கைக்கு வந்த லட்சுமியைத் தண்ணீரில் விடுவதா சார்?" என்று கேட்டார் என் படகோட்டி. நியாயமான கேள்வி. பெரிய கொடுவா எனக்கு ஒரு புகைப்படம்; அவருக்கு ஒரு வாரச் செலவு. பிழைப்புக்காகப் பிடிப்பவரிடம் தியாகம் கேட்பதற்கு முன், பொழுதுபோக்குக்காகப் பிடிக்கும் என்னைப் போன்றவர்கள் தாய்மீனை விடட்டும். குழம்புக்கு நடுத்தர மீன் போதும், ருசியும் அதில்தான்.