பூமி விழுங்கிய கார்களைப் பார்க்க ஒரு பயணம்!

நாஷ்வில் நகரிலிருந்து வடக்கே 65-ம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பவுலிங் கிரீன் வந்துவிடும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் நடுத்தரமான ஊர். சாலையோரம் ஒரு பெரிய மஞ்சள் கூம்பும், அதிலிருந்து ஈட்டிபோல நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்புத் தூணும் கண்ணில் படும். அதுதான் தேசிய கார்வெட் அருங்காட்சியகம். ஒரே ஒரு கார் வகைக்காக 1994-ல் திறக்கப்பட்ட இடம். 1981 முதல் கார்வெட் தயாராகும் தொழிற்சாலையும் பக்கத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு உயரமான கூம்புக்குள் நுழைகிறவர்கள் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இங்கே எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். காரணம் இருக்கிறது.

2014 பிப்ரவரி 12, விடியற்காலை. அருங்காட்சியகம் இன்னும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இல்லை. திடீரென்று இந்த வட்ட மண்டபத்தின் தரை உள்வாங்கியது. ஏறக்குறைய 40 அடி அகலம், 30 அடி ஆழத்துக்குப் பள்ளம். அதில் ஒன்றன்பின் ஒன்றாக 8 கார்வெட் கார்கள் விழுந்தன. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை.

இந்தப் பகுதி முழுக்க அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகையாக்கிவிடும். உலகிலேயே நீளமான குகைத் தொடர் என்று அறியப்படும் மாமத் குகை, இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. கார்களுக்கு அடியிலும் ஒரு குகை இருந்தது. அதன் கூரை இடிந்துவிட்டது. பள்ளத்தைப் பிறகு மூடிவிட்டார்கள். ஆனால் அது எதுவரை இருந்தது என்று தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் நகர்வதில்லை.

தோற்றுப்போன கார்

இந்தக் கார் மீது அமெரிக்கர்களுக்கு ஏன் இவ்வளவு மோகம்? இத்தனைக்கும் இதன் ஆரம்பம் அவ்வளவு சிறப்பாக இல்லை.

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நடந்த கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் இதை அறிமுகப்படுத்தியது. அந்த வருடம் மொத்தமே 300 கார்கள். எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. உடல் இரும்பில்லை, கண்ணாடியிழை. பார்க்க அழகு. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிவிட்டு 6 சிலிண்டர் இன்ஜினையும் இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக்கையும் பொருத்தியிருந்தார்கள். அடுத்த வருடம் 3,640 தயாரித்தார்கள்; நிறைய கார்கள் விற்காமல் தேங்கின. 1955-ல் தயாரிப்பு 700-க்கு இறங்கியது.

இதைத் தூக்கி நிறுத்தியவர் ஜோரா ஆர்கஸ் டன்டோவ். பெல்ஜியத்தில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்த பொறியாளர். அந்த நியூயார்க் கண்காட்சியில் காரைப் பார்த்து மயங்கி, ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர். வி8 இன்ஜினும் டன்டோவின் உழைப்பும் சேர்ந்து கார்வெட்டை உண்மையான பந்தயக் குதிரை ஆக்கின. 1996-ல் மறைந்த அவருடைய அஸ்தி இந்த அருங்காட்சியகத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

அன்று விற்காத கார்கள்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடி அலையும் கார்கள். கொஞ்சமாகச் செய்ததால் கொஞ்சமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன.

1963 மாடலின் கதை இன்னும் வேடிக்கை. அதன் பின்பக்கக் கண்ணாடி நடுவில் ஒரு பட்டையால் இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்னால் வருவது தெரியாது என்று டன்டோவே எதிர்த்தார். அடுத்த வருடமே அதை எடுத்துவிட்டார்கள். 1963 கார் வைத்திருந்த சிலர், தாங்களும் புது மாடல்போல ஆக வேண்டும் என்று பட்டையை அறுத்துவிட்டு ஒற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். இன்று அந்தப் பட்டைக்குத்தான் மவுசு!

எண் பொருந்துகிறதா?

பழைய கார்வெட் வாங்குகிறவர் முதலில் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. பானெட்டைத் திறந்து, இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்கிறார். தொழிற்சாலையில் பிறந்தபோது இருந்த அதே இன்ஜின்தானா என்பது முதல் கேள்வி. அடுத்து கீழே குனிந்து சேஸியைப் பார்க்கிறார். கண்ணாடியிழை உடல் துருப்பிடிக்காது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் பிடிக்கும்.

அசலாகவும் அரிதாகவும் இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். 1967-ல் பந்தயத்துக்காகவே செய்த எல்88 வகையில் மொத்தம் 20 கார்கள்தான். அதில் ஒன்று 2014-ல் ஏலத்தில் 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது.

விலை மட்டும் இல்லை, கதையும் வேண்டும். 1969-ல் அப்பல்லோ 12-ல் நிலவுப் பயணம் போன மூன்று விண்வெளி வீரர்களும் தங்க நிறமும் கறுப்பும் கலந்த ஒரே மாதிரியான கார்வெட்களை ஓட்டினார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள் கையில் காசு சேர்ந்ததும் தேடியது, தங்கள் சிறு வயதை.

மூன்று எழுந்தன, ஐந்து எழவில்லை

பள்ளத்தில் விழுந்த 8 கார்களில் மூன்றை மட்டும் பழுது பார்த்தார்கள். ஒன்று, நெடுங்காலம் வைத்திருந்த ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று நன்கொடையாகக் கொடுத்த 1962 கறுப்புக் கார். இன்னொன்று, 1992-ல் வெளிவந்த 10 லட்சமாவது கார்வெட். முதல் காரின் நினைவாக அதுவும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.

அதைப் பிரித்தபோது உள்பாகங்களில் கையெழுத்துகள் இருந்தன. பவுலிங் கிரீன் தொழிலாளர்கள் அன்று பெருமையோடு போட்டவை. நசுங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் கையெழுத்து இருந்த பாகங்களை முடிந்தவரை அப்படியே காப்பாற்றித் திரும்பப் பொருத்தினார்கள்.

மற்ற ஐந்தையும் சரிசெய்யவில்லை. மீண்டும் கட்டினால் பழைய பாகம் எதுவும் மிஞ்சாது. பெயர்ப் பலகை மட்டும் பழசாக இருக்கும். எனவே நசுங்கிய கூரையும் ஒட்டிய மண்ணுமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். பள்பளக்கும் கார்களைத் தாண்டி வரும் குழந்தைகள் இவற்றின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அருங்காட்சியகத்துக்கு வரும் கூட்டமும் கூடியது.

பழைய பொருளைப் புதுசுபோல ஆக்குவதா, பட்ட அடியோடு வைத்திருப்பதா? இந்த மண்டபத்தில் இரண்டு பதில்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வெளியே வரும்போது எனக்கு நினைவில் நின்றது எந்தக் காரின் வேகமும் இல்லை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் உள்ளே மறைத்துப் போட்டிருந்த அந்தக் கையெழுத்துகள்தான்.