அடையும் நேரம்

பேரனின் காய்ச்சல் தணிந்தபோது என் மனைவி சேவற்கொடியோனுக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டாள். வங்கிப் பணியில் ஓய்வுபெற்று எலவனாசூர்கோட்டைக்குத் திரும்பியிருந்த எனக்கு அதைக் காக்கும் பொறுப்பு. அதுவோ கூண்டை ஏறெடுத்தும் பாராமல், இரண்டு பெட்டைகளோடு முருங்கை மரத்தில் போய் அடைந்தது. கோலெடுத்து விரட்டினேன், உச்சிக்கிளைக்கு ஏறிற்று. ஓரிரவு மரநாய் ஒரு பெட்டையைக் கொண்டுபோயிற்று. விடியலில் சிதறிய இறகுகளைக் கண்டவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிரவு அவளே வழிகாட்டினாள். இருளில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அசையாமல் இருக்கும். மெல்ல இறக்கி, கூண்டுக்குள் உயரக் கட்டிய மூங்கில் கழியில் அமர்த்தினோம். அதுவே தம் இடமென்று பழகும்வரை, ஒரு வாரம் தீனியும் தண்ணீரும் உள்ளேயே. எட்டாம் நாள் திறந்துவிட்டோம். விளக்கேற்றும் வேளையில் சேவலும் பெட்டையும் தாமாகவே கூண்டேறின.

தைப்பூசத்துக்கு இன்னும் 18 நாள். தினமும் எண்ணிப் பார்த்துவிட்டே படுக்கிறேன்.